பிள்ளையிடம் தமிழ் பேசாதே என்று சொல்ல யாருக்கு உரிமை?



மருத்துவமனை வராந்தாவில் ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நான்கு வயது மகன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. காற்றாடி சுற்றுவதையே மணிக்கணக்கில் பார்க்கிறான். பத்து வார்த்தைக்கு மேல் பேச்சு வரவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த தேதி அது. தொழிற்சாலையில் லீவு எடுத்தால் அன்றைய சம்பளம் போய்விடும். அதையும் பொறுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அரை மணி நேரம் கழித்து வெளியே வரும்போது கையில் ஒரு தாள் இருக்கிறது. அதில் ஆட்டிசம் என்று எழுதியிருக்கிறது. தாளில் எழுதாத அறிவுரை ஒன்றும் கூடவே வருகிறது: "வீட்டில் ஒரே மொழி பேசுங்கள். மலாய் அல்லது ஆங்கிலம். தமிழை நிறுத்திவிடுங்கள். பிள்ளைக்குக் குழப்பமாகிறது."

அந்தத் தாய் எதிர்த்துப் பேசவில்லை. படித்தவர்கள் சொல்கிறார்கள், சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறார். அன்று இரவே அந்த வீட்டில் மொழி மாறுகிறது. தாய்க்குத் தெரிந்த ஆங்கிலம் "கம்", "சிட்", "ஈட்", "டோண்ட்" அவ்வளவுதான். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டிக்குத் தெரிந்தது தமிழும் பாசார் மலாயும். பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு கதை சொன்ன பாட்டி இப்போது வாயை மூடிக்கொள்கிறார். நாம் பேசினால் பிள்ளை கெட்டுவிடுமோ என்ற பயம். பேச்சு வராத பிள்ளைக்காகப் பேச்சு நின்றுபோன வீடு அது.

இது எங்கோ ஒரு வீட்டில் மட்டும் நடப்பதல்ல. கிள்ளானிலும் சுங்கை பட்டாணியிலும் ஈப்போவிலும் நம்மவர் வீடுகளில் இதே கதைதான். தமிழ்ப்பள்ளியை மூடுகிறார்கள் என்றால் நாம் தெருவுக்கு வருகிறோம். ஒரு பிள்ளையின் வீட்டுக்குள் தமிழை மூடச் சொல்கிறார்களே, இதற்கு யார் குரல் கொடுப்பது? இந்த அறிவுரைக்கு ஆதாரம் இருக்கிறதா? இல்லை என்பதுதான் பதில்.

குழப்பம் என்ற கதை எங்கிருந்து வந்தது?

இரண்டு மொழி பிள்ளையின் மூளையைக் குழப்பும் என்ற பேச்சு நூறு வருடப் பழசு. 1923-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் சேயர் என்பவர் ஏறத்தாழ 1,400 பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார். கிராமத்தில் வெல்ஷ், ஆங்கிலம் இரண்டும் பேசிய பிள்ளைகள், ஆங்கிலம் மட்டும் பேசிய பிள்ளைகளைவிடக் குறைவான மதிப்பெண் வாங்கினார்கள். உடனே இரண்டு மொழி மூளைக்குக் கெடுதல் என்ற முடிவு பரவிவிட்டது. ஆனால் அதே ஆய்வில் பட்டணத்துப் பிள்ளைகளிடம் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை! இரண்டு மொழிதான் கெடுதல் என்றால் பட்டணத்துப் பிள்ளையையும் அது கெடுத்திருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பிள்ளைகளின் வறுமையையும் வாழ்க்கை நிலையையும் அந்த ஆய்வு சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். வறுமையின் பாரத்தை மொழியின் தலையில் ஏற்றி வைத்தார்கள். தோட்டப்புறத்துப் பிள்ளை பின்தங்கினால் தமிழ்ப்பள்ளிதான் காரணம் என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

1962-ல் கனடாவின் மொண்ட்ரியல் நகரில் பீல், லாம்பர்ட் என்ற இருவர் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். இம்முறை குடும்ப வசதியில் ஒத்த நிலையில் உள்ள பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். இரண்டு மொழிப் பிள்ளைகளே பல சோதனைகளில் முன்னால் நின்றார்கள். அதன் பிறகு அறிவியல் உலகம் அந்தப் பழைய முடிவைக் கைவிட்டது. நம் கிளினிக்குகளின் வாசலில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஆட்டிசத்தின் கதையிலும் இதே போன்ற ஒரு பழி உண்டு. 1943-ல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் தனியாக அறியப்பட்டது. பிறகு, தாயின் அன்பு குறைவதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆகிறது என்று ஒரு கூட்டம் கிளம்பியது. 1967-ல் புரூனோ பெட்டல்ஹைம் இதைப் புத்தகமாகவே எழுதினார். எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்து அழுதிருப்பார்கள்! ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964-லேயே, இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது, தாயின் குற்றம் அல்ல என்று நூல் எழுதி எதிர்த்தார். இன்று அந்தப் பழைய குற்றச்சாட்டு செத்துவிட்டது. ஆனால் "நீங்க ரெண்டு மூணு பாஷை பேசுறதாலதான் பிள்ளைக்குப் பேச்சு வரல" என்று ஒரு தாயிடம் சொல்லும்போது, அதே பழி வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது.

தாய்மார்களே, உங்கள் தாலாட்டு உங்கள் பிள்ளைக்கு ஆட்டிசத்தைக் கொண்டுவரவில்லை.

ஆய்வுகள் சொல்வது என்ன?

2012-ல் மொண்ட்ரியலில் ஹாம்ப்லி, ஃபோம்போன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள 75 சிறு பிள்ளைகளைப் பார்த்தார்கள். சிலர் ஒரு மொழி வீட்டுப் பிள்ளைகள். சிலர் இரண்டு மொழி கேட்டு வளர்ந்தவர்கள். இரண்டு மொழி கேட்டதால் பேச்சு கூடுதலாகத் தாமதமானதா? இல்லை. சொற்களின் எண்ணிக்கையிலும் மற்றவர்களோடு பழகும் திறனிலும் இரண்டு மொழிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை. இரண்டாவது மொழியை ஒரு வயதுக்குள் கேட்டாலும் அதற்குப் பிறகு கேட்டாலும் முடிவு மாறவில்லை. அதே ஆண்டில் கனடாவில் வெளியான வேறு ஆய்வுகளும் இதே பக்கம்தான் நின்றன. பின்னர் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களும், இரண்டு மொழி ஆட்டிசப் பிள்ளைக்குக் கெடுதல் செய்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்றே எழுதினார்கள்.

சரி, பேச்சு கெடவில்லை. அறிவு வளர்ச்சி?

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனதைத் திருப்புவது கஷ்டம். வழக்கமாகப் போகும் சாலையை மாற்றினால் அழுகை, தட்டை மாற்றினால் சாப்பாடு வேண்டாம் என்பதெல்லாம் பெற்றோருக்குத் தெரிந்ததுதான். மொண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கொன்சாலெஸ்-பரேரோ, நாடிக் இருவரும் இதைச் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளிடம் படங்களைக் கொடுத்து, முதலில் நிறப்படி பிரி என்றார்கள். பிறகு விதியை மாற்றி, உருவப்படி பிரி என்றார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் இரண்டு மொழி பேசியவர்கள், ஒரு மொழி பேசியவர்களைவிட இதைச் சிறப்பாகச் செய்தார்கள். எந்த மொழியில் யாரிடம் பேசுவது என்று நாள் முழுக்க மாற்றி மாற்றிப் பழகியது ஒரு பயிற்சியாக இருக்கலாம் என்பது அவர்கள் தரும் விளக்கம்.

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி கிரேக்க நாட்டிலிருந்து வருகிறது. பெரிஸ்டெரி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு 2022-ல் வெளிவந்தது. வசதி குறைந்த குடும்பங்களில் பிறந்த ஆட்டிசப் பிள்ளைகளை அவர்கள் ஒப்பிட்டார்கள். இரண்டு மொழியோடு வளர்ந்த ஏழைப் பிள்ளைகள், ஒரே மொழியோடு வளர்ந்த ஏழைப் பிள்ளைகளைவிட அறிவுத்திறன் சோதனையில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். காசு கொடுத்துப் பயிற்சி வாங்க முடியாத வீட்டில், வீட்டுமொழியும் பிள்ளைக்கு ஒரு சொத்தாக இருக்கலாம். அந்தச் சொத்தைத்தான் தூக்கி எறியச் சொல்கிறார்கள்.

இங்கே நாம் நேர்மையாகப் பேச வேண்டும். இந்த ஆய்வுகளில் பல சிறியவை. மெக்கில் ஆய்வில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் 20 பேர்தான், அதில் இரண்டு மொழிக்காரர்கள் 10 பேர். விளையாட்டில் தெரிந்த முன்னேற்றம், அன்றாட வாழ்க்கையைப் பற்றிப் பெற்றோர் சொன்னதில் அப்படியே தெரியவில்லை. சோதனையில் கலந்துகொள்ளும் அளவுக்குப் பேச்சு உள்ள பிள்ளைகளைப் பற்றித்தான் ஆய்வுகள் அதிகம். எனவே தமிழ் பேசினால் ஆட்டிசம் குணமாகும் என்று யாராவது மேடையில் முழங்கினால் நம்பாதீர்கள். அதுவும் ஏமாற்றுதான். இரண்டு மொழி மருந்தல்ல. ஆனால் அது நஞ்சும் அல்ல. நாம் உறுதியாகச் சொல்வது இவ்வளவுதான். ஒரு வீட்டின் மொழியை நிறுத்தச் சொல்கிறவர்தான் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

மொழி போனால் என்ன போகும்?

அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களைப் பற்றித் தமார் கிரெமர்-சாட்லிக் என்பவர் 2005-ல் எழுதினார். அவர்களிடமும், பிள்ளையிடம் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்றுதான் சொல்லப்பட்டது. என்ன நடந்தது? பெற்றோரும் மற்றவர்களும் தங்களுக்குள் சொந்த மொழியில் பேசிக்கொண்டார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை மட்டும் அந்தப் பேச்சுக்கு வெளியே நின்றது. மற்றவர்களோடு பழகக் கஷ்டப்படும் பிள்ளையை, பழகக் கிடைத்த முதல் இடத்திலிருந்தே தள்ளி வைத்துவிட்டார்கள்.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பேச்சைக் கற்பது பயிற்சி அறையில் மட்டுமா? மாதத்துக்கு ஒரு தடவை முக்கால் மணி நேரம் பயிற்சி. மற்ற நேரம் முழுவதும் வீடு, கோயில், கல்யாண மண்டபம், பாட்டியின் மடி. அங்கே ஓடுவது தமிழ். தீபாவளிக்கு வரும் மாமாவும் அத்தையும் "வாடா தங்கம்" என்றுதான் கூப்பிடுவார்கள். அது புரியாத பிள்ளை சொந்தக் கூட்டத்திலேயே அந்நியனாகிவிடும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்ற ஒவ்வொருவரும் இரவில் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது: "எனக்குப் பிறகு யார்?" பெரும்பாலும் ஓர் அண்ணனோ அக்காவோ சித்தியோதான். அந்தப் பிள்ளைக்கு வயிறு வலித்தால் யாரிடம் சொல்வான்? எந்த மொழியில் சொல்வான்?

அரைகுறையாகத் தெரிந்த மொழியில் ஒரு தாயால் கட்டளை போட முடியும். கொஞ்ச முடியாது. விளையாட்டுக் காட்ட முடியாது. பிள்ளை ஒரு சத்தம் எழுப்பினால் அதைப் பிடித்துக்கொண்டு நான்கு வாக்கியம் பேச முடியாது. பிள்ளைக்கு வேண்டியது அந்த நான்கு வாக்கியம்தான்.

சில வீடுகளில் பிள்ளையே யூடியூப் பார்த்து ஆங்கிலத்தில் மட்டும் பேசத் தொடங்கும். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளிடம் இப்படி நடப்பதை ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஆங்கிலத்தைத் தடுக்க வேண்டாம். பிள்ளைக்கு வந்த பேச்சு எந்த மொழியானாலும் பொன். ஆனால் அதற்காக வீட்டுத் தமிழை நிறுத்தவும் வேண்டாம்.

குறை பிள்ளையிடமா, அமைப்பிடமா?

இந்த அறிவுரையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் தமிழுக்கு எதிரிகள் என்று நாம் சொல்லவில்லை. பலர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் உண்மையைக் கேளுங்கள். சோதிக்க வருகிறவருக்குத் தமிழ் தெரியாது. சோதனைத் தாள் தமிழில் இல்லை. பயிற்சி தமிழில் இல்லை. எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. சேவையிடம் தமிழ் இல்லை என்பதற்காக வீட்டிடம் தமிழை விடச் சொல்கிறார்கள். காலுக்குச் செருப்பு இல்லை என்றால் காலையா வெட்டுவது?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளைக்குத் தமிழில் "தண்ணி", "பூனை", "வேணாம்" என்று 14 சொல் தெரியும். ஆங்கிலத்தில் 9, மலாயில் 6. பொருள் ஒன்றோடொன்று மோதாவிட்டால் மொத்தம் 29 சொல். மலாயில் மட்டும் சோதித்தால் அவன் 6 சொல் தெரிந்த பிள்ளை! அந்த 6-ஐ வைத்துத்தான் அவன் எந்த வகுப்பு, எவ்வளவு குறைபாடு என்று எழுதுவார்கள். இதற்குப் பெயர் மதிப்பீடா?

பள்ளிக்கு வருவோம். நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. சிறப்புக் கல்வி வகுப்பு உள்ளவை சிலவே. பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் வகுப்பு இல்லை என்றால் பிள்ளை தேசியப் பள்ளியின் சிறப்பு வகுப்புக்குப் போகும். அண்ணன் தமிழ்ப்பள்ளியில், தம்பி வேறு பள்ளியில். எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கை 2019-ல் நடைமுறைக்கு வந்தது. அதை வரவேற்கிறோம். ஆனால் பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு அதன் மொழியை வாசலில் நிறுத்தினால் அது முழுச் சேர்க்கை ஆகாது.

நாம் கேட்பது சலுகை அல்ல. மலாய் தேசிய மொழி, அதை மதிக்கிறோம், நம் பிள்ளைகள் கற்க வேண்டும். அதே கூட்டரசு அரசியலமைப்பின் 152-ஆவது பிரிவு, வேறு எந்த மொழியையும் கற்பதையோ கற்பிப்பதையோ தடுக்கக்கூடாது என்கிறது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, தேசியப் பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்க வசதி செய்ய வேண்டும். 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, உடற்குறையைக் காரணம் காட்டிப் பொதுக் கல்வியிலிருந்து ஒருவரை ஒதுக்கக்கூடாது என்கிறது. மலேசியா 1995-ல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 30-ஆவது விதி, சிறுபான்மை இனத்துப் பிள்ளைக்குத் தன் மொழியைத் தன் மக்களோடு பேசும் உரிமை உண்டு என்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இந்த உரிமை இல்லை என்று எதிலும் எழுதவில்லை.

எனவே நம் கோரிக்கைகள் இவை:

ஒன்று, வீட்டுமொழியை நிறுத்தும்படி எந்த அரசு மருத்துவமனையும் கிளினிக்கும் பெற்றோரிடம் சொல்லக்கூடாது என்று சுகாதார அமைச்சு தெளிவாக அறிவிக்க வேண்டும்.

இரண்டு, தமிழ்ப் பிள்ளையை மதிப்பிடும்போது தமிழ் தெரிந்த ஒருவர் உடன் இருக்க வேண்டும். பிள்ளைக்கு எல்லா மொழிகளிலும் தெரிந்த சொற்களைச் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

மூன்று, ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது ஒரு தமிழ்ப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பும் அதற்குப் பயிற்சி பெற்ற தமிழாசிரியரும் வேண்டும்.

நான்கு, தமிழ் பேசும் இளைஞர்கள் பேச்சுப் பயிற்சித் துறையில் படிக்க உபகாரச் சம்பளம் வேண்டும்.

நம்மையும் கேட்டுக்கொள்வோம்

அரசாங்கத்தை நோக்கி விரல் நீட்டும்போது நம் முதுகையும் பார்க்க வேண்டும். நம் இயக்கங்கள் விழா எடுக்கின்றன, பொன்னாடை போர்த்துகின்றன. பேச்சுப் பயிற்சி படிக்கும் ஒரு மாணவிக்கு இதுவரை எத்தனை இயக்கங்கள் உதவியிருக்கின்றன? ஆட்டிசம் உள்ள பிள்ளை கோயிலில் சத்தம் போட்டால் திரும்பி முறைப்பது யார்? "அம்மா சரியா வளர்க்கல" என்று கல்யாண வீட்டில் கிசுகிசுப்பது யார்? தமிழுக்காகக் கொடி பிடிக்கும் நாம், தமிழ் பேசத் திணறும் ஒரு பிள்ளையின் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறோமா? இந்தப் பிள்ளையும் நம் இனம்தான்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். பிள்ளைக்குப் பேச்சு தாமதம் என்று தெரிந்தால், "அப்பாவும் லேட்டாதான் பேசினார்" என்று காத்திருக்காதீர்கள். இரண்டு மொழி வீடு என்பதால் தாமதம் என்று யாராவது சமாதானம் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். உடனே அரசு சுகாதாரக் கிளினிக்குக்குப் போய்ப் பரிசோதனை கேளுங்கள். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்து, பிள்ளை சொல்லும் ஒவ்வொரு சொல்லையும், எந்த மொழியானாலும் எழுதுங்கள். மதிப்பீட்டுக்குப் போகும்போது அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் பேசுங்கள். "ரொட்டி சானாய் தாப்பாவ் பண்ணிட்டு வந்தேன்" என்று கலந்து பேசினாலும் குற்றமில்லை. இரண்டு மொழி பேசும் வீட்டில் கலப்பது இயல்பு. சின்னச் சின்ன வாக்கியமாக, பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். பேச்சே வராத பிள்ளைக்குப் பட அட்டை கொடுத்தால், அந்த அட்டையில் தமிழிலும் எழுதச் சொல்லுங்கள். பயிற்சியில் மலாயில் கற்ற சொல்லை வீட்டில் தமிழிலும் சொல்லிக் காட்டுங்கள். தேசியப் பள்ளியில் படிக்கிறதா? மற்ற தமிழ்ப் பெற்றோரோடு சேர்ந்து 15 கையெழுத்துத் திரட்டித் தமிழ் வகுப்பு கேளுங்கள். அதில் சிறப்புக் கல்விப் பிள்ளையும் உட்கார வேண்டும் என்று கேளுங்கள்.

"தமிழை நிறுத்துங்கள்" என்று அடுத்த முறை யாராவது சொன்னால், சண்டை வேண்டாம். மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த ஆய்வு அப்படிச் சொல்லுது? அதை எழுத்துல குடுக்க முடியுமா?"

பாட்டிமார்களே, நீங்கள் வாயை மூட வேண்டாம். பேரன் திரும்பிப் பார்க்காவிட்டாலும் பேசுங்கள். அவன் காதில் விழுகிறது. என்றைக்காவது ஒரு நாள் அவன் உங்கள் கையைப் பிடித்து "தண்ணி" என்று கேட்டால், அந்த ஒரு சொல்லைக் கொடுத்தது நீங்கள்தான்.

உரிமை வீட்டிலிருந்து தொடங்கட்டும்.

- ஆசிரியர் குழு